மிக்கி தாம்ஸன் இ.டி. ஸ்ட்ரீட் எஸ்/எஸ்: பவர் ஏற்றப் பணம் சேர்க்கிறவர்கள் முதலில் இந்த டயரைப் பாருங்கள்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பொறுமை இல்லாதவர்கள் இதோடு போய்விடலாம். இஞ்சினில் ஒரு போல்ட்டைக்கூடத் தொடாமல், பின்பக்க டயர் இரண்டை மட்டும் மாற்றி, என் மஸ்டாங் ஜிடி கால் மைலில் ஏறக்குறைய அரை வினாடி குறைத்தது. டிராக் ஸ்ட்ரிப்பில், அதாவது நின்ற இடத்திலிருந்து கிளம்பிக் கால் மைல் நேராக ஓடும் பந்தயத் தடத்தில், அரை வினாடி என்பது சின்ன விஷயம் இல்லை. அதே அரை வினாடியை குதிரைசக்தியாக வாங்கப் போனால் செலவு எங்கேயோ போய் நிற்கும். ஆனால் இந்த டயரைப் போட்டுக்கொண்டு தினமும் ஆபீஸுக்குப் போகலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். போகலாம்தான், சட்டப்படி தடை இல்லை, மழை வரும் வரைக்கும்.

கார் 2018க்குப் பிந்தைய ஜிடி. 5.0 லிட்டர் வி8, 460 குதிரைசக்தி, 10 கியர் ஆட்டோமேட்டிக், பின்சக்கர ஓட்டம், பின் அச்சில் இருக்கும் ரியர் கியரின் விகிதம் 3.55. வேறு எந்த மாற்றமும் இல்லை. ஓட்டிப் பார்த்த இடம் டெக்ஸாஸில் எனிஸ் ஊரில் இருக்கும் டெக்ஸாஸ் மோட்டார்ப்ளெக்ஸ். டாலஸிலிருந்து ஐ-45 நெடுஞ்சாலையில் தெற்கே இறங்கினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஃபன்னி கார் என்ற டிராக் பந்தய வகையில் ஓட்டிக்கொண்டிருந்த பில்லி மேயர் 1986இல் கட்டிய இடம். கால் மைல் முழுவதும் கான்கிரீட் போட்ட முதல் ஸ்ட்ரிப் என்று அதற்குப் பெயர். மற்ற பல இடங்களில் கிளம்பும் பகுதி மட்டும் கான்கிரீட்டாக இருக்கும், அதற்கப்புறம் தார். 1988 ஏப்ரலில் எடி ஹில் டாப் ஃப்யூயல் என்ற உச்ச வகை டிராக் காரில் 4.990 வினாடி ஓடி, அந்த வகையில் ஐந்து வினாடிக்குக் கீழே போன முதல் ஆளானதும் இங்கேதான். பொதுமக்கள் சொந்தக் காரைக் கொண்டுவந்து ஓட்டும் டெஸ்ட் அண்ட் ட்யூன் இரவுகளில் நாம் நிற்பது அதே லேனில். கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும்.

இந்தக் காரில் பிரச்சினை பவர் இல்லை என்பதுதான் மொத்த விஷயமும். ஒரு காகிதத்தில் போட்டுப் பாருங்கள். முதல் கியர் விகிதம் 4.70 சொச்சம், ரியர் 3.55, பெருக்கினால் 16.7. கிளம்பும்போது இஞ்சின் குறைந்த ஆர்பிஎம்மில் 400 நியூட்டன் மீட்டர் கொடுக்கிறது என்று குறைவாகவே வைத்துக்கொள்வோம். டார்க் கன்வெர்ட்டர் அதைப் பெருக்கிக் கொடுப்பதையும் வழியில் உராய்வில் போவதையும் விட்டுவிடுவோம். இரண்டையும் பெருக்கி டயரின் ஆரத்தால் வகுத்தால், டயர் தரையைப் பின்னுக்குத் தள்ளும் விசை 1,800 கிலோவைத் தாண்டும். காரும் நானும் சேர்ந்தே சுமார் 1,770 கிலோதான். அதில் நிற்கும்போது பின்சக்கரங்கள் மேல் இருப்பது 800 சொச்சம். கிளம்பும் வேகத்தில் எடை பின்னால் சாய்கிறது. ஒரு ஜி, அதாவது புவியீர்ப்பு அளவுக்கு முடுக்கம் கிடைத்தால் இந்த நீளக் காரில் முந்நூறு கிலோவுக்கு மேல் முன்னிருந்து பின்னுக்குப் போகும். ஆக, பின்னால் எப்படிப் பார்த்தாலும் 1,150 கிலோ பக்கம். அந்த எடையை வைத்துக்கொண்டு 1,800 கிலோ விசையைத் தரையில் இறக்க வேண்டும். சாதாரண டயரால் அது நடக்காது, சக்கரம் சும்மா சுற்றும். இதற்கு மேல் 50 குதிரைசக்தி ஏற்றினால் இன்னும் கொஞ்சம் வேகமாகச் சும்மா சுற்றும், வேறொன்றும் நடக்காது.

இதை நேரில் பார்க்க ஆசையாக இருந்தால் எந்த ட்ராக் நைட்டுக்கும் போய் ஓரமாக நில்லுங்கள். சூப்பர்சார்ஜர் போட்ட ஒரு மஸ்டாங் தெரு டயரோடு வந்து, முதல் நூறு அடி முழுக்கப் புகையும் சத்தமுமாகப் போய், கடைசியில் 128 மைல் வேகத்தில் கோட்டைத் தாண்டி, ட்ராக்கில் கொடுக்கும் நேரச் சீட்டான ஸ்லிப்பில் 12.1 வினாடி வாங்கிக்கொண்டு போனதைப் பார்த்தேன். அந்தக் கடைசி வேகத்துக்கு அது பத்து வினாடிக் கார். கோட்டைத் தாண்டும் வேகமான ட்ராப் ஸ்பீடு என்பது இஞ்சினின் மதிப்பெண், கிளம்பியதிலிருந்து கோடு வரை ஆகும் நேரமான இ.டி. என்பது டயரும் ஓட்டுநரும் சேர்ந்து வாங்கும் மதிப்பெண். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்றால் பணத்தை எங்கே போட வேண்டும் என்று ஸ்லிப்பே சொல்லிவிடுகிறது.

சரி, டயருக்கு வருவோம்.

மிக்கி தாம்ஸன் என்ற பெயர் நம்மில் பலருக்குத் தெரிந்திருக்காது. கலிஃபோர்னியாக்காரர். 1960இல் பான்வில் உப்புத் தரையில் நான்கு இஞ்சின் வைத்த காரில் மணிக்கு 406 மைல் போன மனிதர். அதற்கும் முன்பு, ஓட்டுநரைப் பின் அச்சுக்குப் பின்னால் உட்கார வைக்கும் ஸ்லிங்ஷாட் வகை டிராக்ஸ்டரை உருவாக்கியவர் என்றும் அவரைச் சொல்வார்கள். பின்சக்கரத்துக்குப் பிடிப்பு வேண்டுமென்றால் எடையை அதன் மேலேயே தூக்கி வை என்ற யோசனை அது. அவர் 1963இல் தொடங்கிய டயர் கம்பெனி பிற்பாடு கூப்பரிடம் போய், இப்போது குட்இயரின் கையில் இருக்கிறது.

இ.டி. ஸ்ட்ரீட் வரிசையில் இரண்டு பெயர்கள் அடிக்கடி காதில் விழும். ஆர் என்பது கிட்டத்தட்ட வழுக்கைத் தலை, பள்ளமே இல்லாத பந்தய டயரான ஸ்லிக்கில் நாலு கோடு கீறி ரோடுக்குச் சட்டப்படி அனுமதி வாங்கிய மாதிரி. எஸ்/எஸ் என்பது ட்ராக்குக்கு ஓட்டிக்கொண்டு போய், ஓடி முடித்து, அதே டயரில் வீட்டுக்குத் திரும்புகிறவர்களுக்கு. டிரெட் பார்க்க ஓரளவு டயர் மாதிரியே இருக்கும், ரப்பர் கலவை மட்டும் மென்மை. விரல் நகத்தை அழுத்தினால் தெரியும். நான் வாங்கியது 305/45 ஆர்18. ஏற்கெனவே இருந்தது 19 அங்குல ரிம், அதைக் கழற்றிவிட்டுப் பின்னால் மட்டும் 18 அங்குலம். ஏன் ரிம்மைச் சிறிதாக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு: சைடுவால் உயரம் வேண்டும். கிளம்பும் நொடியில் அந்த உயரமான சுவர் கசங்கி, அடியை உள்வாங்கி, டயரின் அடிப்பாகம் நீளவாக்கில் தரையில் படுத்துக்கொள்கிறது. மெல்லிய சைடுவால் உள்ள 20 அங்குல ரிம் பார்க்க அழகு, ஸ்ட்ரிப்பில் அது உதவாது.

விலையைப் பற்றிச் சும்மா சுற்றி வளைக்க வேண்டாம். டயர் ஜோடி, கூட ஒரு ஜோடி ரிம், மாட்டுகூலி எல்லாம் சேர்த்தால் ஆயிரம் டாலரைத் தாராளமாகத் தாண்டும். காரோடு வந்த அளவில் இல்லாத டயரை மாட்ட மாட்டோம் என்று முதலில் போன கடையில் கையை விரித்துவிட்டார்கள், அது அவர்கள் விதி, தப்புச் சொல்லவில்லை. ஆனால் போனில் கேட்டபோது சரி என்று சொல்லிவிட்டு, நான் டிக்கியில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிய பிறகு சொன்னதுதான் எரிச்சல். பந்தயக் கார்களுக்கு வேலை பார்க்கும் சிறிய பட்டறையாகப் பார்த்துப் போங்கள், அவர்களுக்கு இது தினசரி வேலை. காற்றழுத்தம் காட்டும் சென்சார் இல்லாமல் ரிம் வாங்கினால் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், அதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். புது டயர் பழசை விட ஒரு அங்குலம் உயரம், அதனால் ஸ்பீடோமீட்டர் நாலு சதவீதம் குறைத்துக் காட்டும். நெடுஞ்சாலையில் போலீஸ்காரர் இதையெல்லாம் கேட்க மாட்டார்.

இப்போது ஸ்லிப். பழைய தெரு டயரில் நல்ல ஓட்டம் என்று சொல்லக்கூடியது: முதல் 60 அடியைக் கடக்க 2.00 வினாடி, கால் மைல் 12.4 வினாடி, 114 மைல். எஸ்/எஸ் போட்டுக் காற்றைச் சரிசெய்த பிறகு: 60 அடி 1.72, கால் மைல் 11.9, அதே 114 மைல். கடைசி வேகம் அசையவே இல்லை, ஏனென்றால் இஞ்சின் அதேதான். முதல் 60 அடியில் மிச்சமான கால் வினாடிச் சொச்சம், கோட்டைத் தாண்டும்போது அரை வினாடியாகப் பெருகிவிட்டது. 60 அடியில் குறைக்கும் ஒவ்வொரு 0.1க்கும் கடைசியில் 0.15 முதல் 0.2 வரை கிடைக்கும் என்று ஸ்ட்ரிப்பில் எல்லோரும் சொல்லும் வாய்ப்பாடு இருக்கிறதே, அது அப்படியே வந்தது. முடுக்கமாகப் பார்த்தால், முதல் 60 அடியின் சராசரி 0.7 ஜியிலிருந்து கிட்டத்தட்ட 1 ஜிக்கு ஏறியிருக்கிறது. உடம்புக்கு வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது, பக்கத்தில் உட்கார்ந்தவர் கையில் காபி இருந்தால் இன்னும் நன்றாகத் தெரியும். பக்கத்தில் ஆளை உட்கார வைத்து ஓட்டப் பல ட்ராக்குகளில் விடமாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

ஆனால் மாட்டிய உடனே 1.72 வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். இந்த டயர் காற்றுக்கு ரொம்ப ரோஷம் பார்க்கும். ரோட்டில் 32 பிஎஸ்ஐ வைக்கிறோம். அதோடு போய் நின்றால் தெரு டயரைவிடக் கொஞ்சம்தான் மேல். 24இல் சுற்றியது. 20இல் கடித்துக்கொண்டது. இன்னும் இறக்கினால் இன்னும் நன்றாக இருக்குமே என்று 17க்குப் போனதில் 60 அடி மேம்படவும் இல்லை, கோட்டுக்கு அருகே நூறு மைலுக்கு மேல் போகும்போது கார் பின்பக்கம் மெல்ல ஆடத் தொடங்கியது. இந்த எடைக்கு 19, 20 போதும். இதுவும் சூடான காற்றின் அளவு, வீட்டுக் கராஜில் காலையில் அளந்தது இல்லை. வரிசையில் காத்திருக்கும்போது மாலை வெயில் ஒரு பக்கமாக அடிக்கும், அந்தப் பக்க டயரில் ஒன்றரை பிஎஸ்ஐ ஏறிவிடும், கிளம்பும்போது கார் ஒரு பக்கம் இழுக்கும். ஓடுவதற்கு முன் இரண்டு பக்கமும் அளந்து சமமாக வைக்க வேண்டும். கால் பிஎஸ்ஐ வரை காட்டும் நல்ல மானி ஒன்று வாங்குங்கள், பெட்ரோல் பங்க் மானி இதற்கு உதவாது.

இதே சமயம் பழைய பழக்கம் சிலவற்றை விட வேண்டும். ஸ்லிக் போட்ட பெரிய கார்கள் கிளம்பும் முன் சக்கரத்தைச் சுற்ற விட்டு டயரைச் சூடேற்றும் பர்ன்அவுட் போடுவதைப் பார்த்து நாமும் ஒரு நிமிஷம் புகை கிளப்பினால் டயர் எண்ணெய் தடவின மாதிரி ஆகிவிடும். டிராக் ரேடியல் என்று சொல்லப்படும் இந்த வகை டயருக்குச் சுத்தம் செய்து லேசாகச் சூடேற்றினால் போதும், புகை முதலில் எட்டிப் பார்த்ததும் நிறுத்திவிடலாம். பர்ன்அவுட்டுக்காகத் தரையை நனைத்து வைத்திருக்கும் தண்ணீர்த் தொட்டிக்குள் நேராகக் காரை விடாதீர்கள். சுற்றிக்கொண்டு போய், பின்னால் வந்து, பின்சக்கரம் ஈரத்தைத் தொட்டதும் போதும். டிரெட் இருக்கிற டயர் தண்ணீரை அள்ளி வீல் ஆர்ச்சில் வாரி அடிக்கும், அது அப்புறம் கிளம்பும் இடத்தில் சொட்டும். பின்னால் வரிசையில் நிற்பவர் வாயில் என்ன வார்த்தை வரும் என்று சொல்லத் தேவையில்லை. மஸ்டாங்கில் லைன் லாக் கம்பெனியே கொடுத்திருப்பது இங்கே பெரிய வசதி: முன்பிரேக்கை மட்டும் பிடித்துக்கொண்டு பின்சக்கரத்தை விட்டுவிடுகிறது, 15 வினாடி வரை. வேறு கார்களில் இதற்குத் தனியாக ஒரு வால்வு வாங்கி மாட்ட வேண்டும்.

கிளம்பும் முறை ஆட்டோமேட்டிக்கில் எளிது, மேனுவல்காரர்கள் இதற்காக நம்மைக் கேலி செய்வார்கள், செய்யட்டும். டிராக் ஸ்ட்ரிப் மோட், இடது காலில் பிரேக், வலது காலில் மெல்ல 1,600 ஆர்பிஎம் வரை. அதற்கு மேல் போனால் பின்பிரேக்கை மீறிக் கார் நகரத் தொடங்கிவிடும், லைட் எரியும் முன்பே, கிளம்பும் கோட்டில் சக்கரத்தை உணரும் ஒளிக்கற்றையான ஸ்டேஜ் கதிரைவிட்டு வெளியே வந்து, தப்பாகக் கிளம்பியதற்கான சிவப்பு விளக்கை வாங்குவீர்கள். கடைசி மஞ்சள் விளக்கு தெரிந்ததும் பிரேக்கை விட்டு, ஆக்ஸிலரேட்டரை ஒரேயடியாக மிதிக்காமல் ஒரு நொடியின் பாதிக்குள் பிழிந்து முழுக்க இறக்க வேண்டும். தெரு டயரில் இந்தப் பிழிதல் கலை, டிராக் ரேடியலில் அது பழக்கம் ஆகிவிடுகிறது, கொஞ்சம் முரடாக மிதித்தாலும் டயர் மன்னிக்கும். மேனுவலில் க்ளட்ச்சை எந்த ஆர்பிஎம்மில் விடுவது என்று தனியாக மல்லுக்கட்ட வேண்டும். ஒட்டும் டயர் போட்ட பிறகு 5,000இல் க்ளட்ச்சை உதறினால் சுற்ற முடியாத டயர் அந்த அடியை கியர்பாக்ஸுக்கும் ஆக்ஸிலுக்கும் திருப்பி அனுப்பும். உடைவது அங்கேதான்.

ஒரு சின்ன விஷயம், புதிதாக வருகிறவர்கள் குழம்பும் இடம். பச்சை விளக்கு எரிந்து எவ்வளவு நேரம் கழித்து நீங்கள் கிளம்பினாலும் இ.டி. மாறாது, உங்கள் சக்கரம் கதிரை விட்டு நகர்ந்த பிறகுதான் கடிகாரம் ஓடத் தொடங்கும். அதனால் டயரைச் சோதிக்கப் போகிறவர் ரியாக்‌ஷன் டைமைப் பற்றிக் கவலைப்படாமல் நிதானமாகக் கிளம்பலாம். முன்சக்கரத்தை ஸ்டேஜ் கதிரில் நுனியில் நிறுத்தினால் கடிகாரம் தொடங்கும் முன்பே கார் சில அங்குலம் உருண்டுவிடும், அது இ.டி.யில் தெரியும். ஒரு டயரை இன்னொன்றோடு ஒப்பிடுகிறோம் என்றால் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் டயரை அளக்காமல் நிறுத்திய விதத்தை அளந்துகொண்டிருப்போம். வெயிலையும் கணக்கில் வையுங்கள். எனிஸ் கடல் மட்டத்திலிருந்து ஐந்நூறு அடி உயரம்தான், ஆனால் 38 டிகிரி வெயிலில் இஞ்சின் இழுக்கும் காற்று மூவாயிரம் அடி மலை மேல் இருப்பது போல மெலிந்துவிடும், டர்போ இல்லாத இஞ்சினில் ஏழெட்டு சதவீத பவர் அங்கேயே போய்விடும். ஆகஸ்டில் ஓடிய ஸ்லிப்பை நவம்பர் ஸ்லிப்போடு வைத்து டயரைப் பாராட்டுவதோ திட்டுவதோ நியாயம் இல்லை. மேலே நான் கொடுத்த இரண்டு எண்களும் ஒரே இரவில், அங்கேயே ஜாக்கி வைத்து டயர் மாற்றி ஓடியவை.

இனி இந்த டயரைப் பற்றி விளம்பரத்தில் யாரும் சொல்லாத பகுதி. பிடிப்பு கிடைத்ததும் காரின் அடுத்த பலவீனம் வெளியே வந்துவிடும். 2015க்குப் பிந்தைய மஸ்டாங்கில் பின்பக்கம் இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன், அது முழுவதையும் தாங்கும் சட்டம் பெரிய ரப்பர் புஷ்களில் உட்கார்ந்திருக்கிறது. சத்தம், அதிர்வு உள்ளே வராமல் இருக்க அப்படி வைத்தார்கள், ரோட்டுக்கு அது நல்லது. ஸ்ட்ரிப்பில் டயர் கவ்வியதும் அந்த ரப்பர் முறுக்கிக்கொள்ளும், டயர் ஒரு கணம் விடும், ரப்பர் திரும்பும், மறுபடி கவ்வும். இது நொடிக்குப் பல முறை நடக்கும்போது காரின் பின்பக்கத்தில் யாரோ சம்மட்டியால் அடிப்பது போல இருக்கும். இதற்குப் பெயர்தான் வீல் ஹாப். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை உடனே எடுத்துவிட வேண்டும், எடுக்காவிட்டால் ஆக்ஸில் போகும். தெரு டயரிலும் இது உண்டு, ஆனால் அங்கே பெரும்பாலும் சுற்றித் தப்பித்துக்கொள்ளும். காற்று சரியாக இருக்கும்போது என் காரில் இது அரிதாகத்தான் வந்தது, ட்ராக்கில் ஒட்டுப் பிசின் குறைவாகப் பூசிய ராத்திரிகளில் தொல்லை தந்தது. தீர்வு சந்தையிலேயே இருக்கிறது: பிஎம்ஆர் போன்றவர்கள் விற்கும் க்ரேடில் லாக்அவுட் கிட், அந்த ரப்பர் இடைவெளிகளை அடைத்துச் சட்டத்தை அசையாமல் பிடித்துவிடும். மாட்டுவது ஒரு மதிய வேலை. டயர் வாங்கும் பட்ஜெட்டில் இதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும், அதனால்தான் இங்கே இழுத்துச் சொல்கிறேன்.

வீல் அலைன்மென்ட்டையும் பாருங்கள். பின்சக்கரங்கள் மேல்பக்கம் உள்ளே சாய்ந்த மாதிரி நெகட்டிவ் கேம்பரோடு வரும், வளைவுகளுக்கு அது நல்லது. கிளம்பும்போது பின்பக்கம் உட்காரும், சாய்வு இன்னும் கூடும், 305 அகல டயர் வாங்கிவிட்டு உள் ஓரத்தை மட்டும் உபயோகித்துக்கொண்டிருப்போம். டயரின் உள் விளிம்பு மட்டும் மினுமினுவென்று தேய்ந்திருந்தால் அதுதான் காரணம். நிற்கும்போது அரை டிகிரிக்குள் வைத்தால் கிளம்பும்போது ஓரளவு தட்டையாக இருக்கும்.

மழை. டெக்ஸாஸில் வசந்த காலத்தில் மேகம் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது, அரை மணி நேரத்தில் நெடுஞ்சாலை ஏரியாகிவிடும். இந்த டயரில் தண்ணீரை வெளியே தள்ளும் பள்ளங்கள் குறைவு, அகலமோ அதிகம், 70 மைல் வேகத்தில் தண்ணீர் மேல் ஏறி மிதக்கத் தொடங்கினால் ஸ்டீயரிங்கில் செய்ய ஒன்றும் இல்லை. ரோட்டில் ஓட்டச் சட்டப்படி அனுமதி உண்டு என்பதும் மழையில் ஓட்டலாம் என்பதும் ஒன்றல்ல. குளிர்காலக் காலையிலும் ரப்பர் கல்லாகிவிடும், சாதாரண சிக்னலில் கிளம்பும்போதே பின்பக்கம் வழுக்கும். வானிலை பார்த்துத்தான் நான் இதில் ட்ராக்குக்கு ஓட்டிப் போகிறேன், சந்தேகம் இருந்தால் தெரு டயரில் போய் அங்கே மாற்றிக்கொள்கிறேன். நல்ல வெயில் நாளில் ரோட்டில் குறை சொல்ல ஒன்றும் இல்லை: சத்தம் கொஞ்சம் அதிகம், வழியில் கிடக்கும் பொடிக்கற்களையெல்லாம் பொறுக்கி பாடியில் எறியும், லேன் மாறும்போது பின்பக்கம் ஒரு கணம் தாமதமாக வரும். முன்னால் சாதாரண ரேடியல், பின்னால் டிராக் ரேடியல், இரண்டும் ரேடியல் என்பதால் ஒத்துப்போகிறது. பின்னால் ரேடியல் அல்லாத பழைய வகைக் கட்டமைப்பான பயஸ் ப்ளை ஸ்லிக் போட்டு முன்னால் ரேடியல் வைப்பவர்கள்தான் கோட்டுக்கு அருகே கார் நெளிகிறது என்று புலம்புவார்கள்.

தேய்மானம் வேகமாகத்தான் இருக்கும், மென்மையான ரப்பருக்கு நாம் கொடுக்கும் விலை அது. தினமும் அலுவலகத்துக்கு ஓட்டினால் ஒரு வருஷம் தாங்குமா என்பதே சந்தேகம். ட்ராக்குக்கு மட்டும் என்றால் நெடுநாள் வரும், ஆனால் டிரெட் மிச்சம் இருக்கும்போதே சூடாகி ஆறி, சூடாகி ஆறி ரப்பர் இறுகிவிடும், பிடிப்பு முதலில் போகும். வெயில் படாமல் மூடி வையுங்கள்.

மற்றவற்றோடு ஒப்பிட்டால்? தினசரி ஓட்டமும் வேண்டும், மாதத்தில் ஒரு நாள் ட்ராக்கும் வேண்டும் என்றால் நிட்டோவின் என்டி555 வரிசை பொருத்தம், நாள் தாங்கும், ஆனால் இந்த அளவுக்குக் கவ்வாது. டோயோ ஆர்888ஆர் வளைவுகள் உள்ள சர்க்யூட்டுக்குப் பிறந்தது, சைடுவால் விறைப்பு, நேராகக் கிளம்புவதற்கு மட்டும் வாங்குவதில் அர்த்தம் இல்லை. வீட்டுக்கு ட்ரெய்லரில் போகிறவர்கள் எஸ்/எஸ்ஸைத் தாண்டி இ.டி. ஸ்ட்ரீட் ஆர் அல்லது ஹூஸியர் கம்பெனி டயர் பக்கம் போகலாம். 700 குதிரைசக்தி மேல் இருக்கும் கார்களுக்கு எஸ்/எஸ் மூச்சு வாங்கும் என்பது என் கணிப்பு. என் மாதிரி தொடாத இஞ்சினுக்கு இது ஏற்கெனவே தேவைக்கு மேல்.

முன்சக்கர ஓட்டக் கார் வைத்திருப்பவர்கள், அதாவது போலோ, சிவிக் கூட்டம், மேலே சொன்னதில் பாதியைத் தலைகீழாக எடுத்துக்கொள்ள வேண்டும். உங்களுக்கு எடை பின்னால் சாய்வது எதிரி. ஒட்டும் டயர் முன்னால், பின் டயரில் காற்றைக் கூட்டி, பின்பக்கம் உட்காராமல் விறைப்பாக வைத்துக் கிளம்ப வேண்டும். பலன் இருக்கும், பின்சக்கரக் காரில் கிடைக்கும் அளவுக்கு இருக்காது.

அப்புறம் இந்த டயர் இருக்கிறதே என்று தெருவில் ஓடிப் பார்க்காதீர்கள். போலீஸ், உயிர் எல்லாம் இருக்கட்டும், அவை எல்லோருக்கும் தெரிந்தவை. தெருவில் பிடிப்பே கிடைக்காது. ஸ்ட்ரிப்பில் தரையில் பிசின் தெளித்து, ரப்பர் தேய்த்து ஏற்றி வைத்திருப்பார்கள், நடந்து போனால் செருப்பு கழன்று நிற்கும். தெருவில் மண்ணும் எண்ணெயும்தான். அகல டயர் கொஞ்சம் அதிக மண்ணைப் பொறுக்கும், அவ்வளவுதான். ட்ராக்கில் கால் மைலை 13.99 வினாடியிலோ அதற்குக் கீழேயோ ஓடினால், அமெரிக்க டிராக் பந்தய அமைப்பான என்எச்ஆர்ஏ விதிப்படி ஹெல்மெட் கட்டாயம், பாதுகாப்புத் தரத்துக்கான ஸ்நெல் முத்திரை உள்ளதை எடுத்துப் போங்கள், வாசலிலேயே பார்ப்பார்கள்.

ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்டால், தனி ரிம்மில் போட்டு ட்ராக்குக்கு மட்டும் வைத்துக்கொள்பவருக்கு நாலரை. ஒரே செட் டயரில் எல்லா வேலையும் பார்க்க நினைப்பவருக்கு இரண்டு. அந்த அரை நட்சத்திரத்தைக் குறைத்தது காற்றழுத்த ரோஷத்துக்காக. ஒரு பிஎஸ்ஐ தள்ளிப்போனால் 60 அடி 1.72 என்பது 1.8க்குப் போய்விடுகிறது, பொறுமை இல்லாதவர் டயரைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போவார். க்ரேடில் கிட் மாட்டி, கேம்பரைச் சரிசெய்து, குளிர் தொடங்கியதும் மறுபடி போவதாக இருக்கிறேன், 1.65ஐத் தொட்டால் கீழே எண்களைச் சேர்க்கிறேன். யாராவது 17 அங்குல ரிம் இந்தக் காரின் பின்பிரேக்கில் இடிக்காமல் மாட்டியிருந்தால் எந்த ரிம், எந்த ஆஃப்செட் என்று சொல்லுங்கள்.